விட்டு விட்டு வரும் ஓட்டோ கியர் சென்சர் கோளாறு: மாற்றுவதற்கு முன் பிடிப்பது எப்படி

காலையில் வீட்டில் ஒழுங்காக ஸ்ராட் ஆன வாகனம், பரந்தனில் நிற்பாட்டிச் சாமான் வாங்கிவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லாமல் கிடக்கும். கியர் லீவரை இரண்டு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆகிவிடும். கராச்சுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு பிழையும் காட்டாது. வேறு சில வாகனங்களில் ஓட்டத்தின் நடுவே மீற்றர் போட்டில் எரிகிற 'ட்றைவ்' எழுத்து ஒரு கணம் அணைந்து எரியும், கியர் வெட்டி விழும், அல்லது மேல் கியருக்கு ஏறாமல் எஞ்சின் இரையும்.

ஓட்டோ கியர் வாகனத்தில் இந்த அறிகுறிகள் தெரிந்தால் கியர் நிலையை அறியும் சென்சரைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் சந்தேகித்த உடனே அதைக் கழற்றிப் புதிதாகப் போடுவதுதான் பலர் விடுகிற தவறு. சென்சரை அசைக்கிற கேபிளும், அதற்குப் போகிற வயரும், அது செருகியிருக்கிற சொக்கட்டும் அச்சொட்டாக அதே அறிகுறிகளைத் தரும். விட்டு விட்டு வரும் கோளாறை, அது வருகிற நேரத்தில் அளந்து பிடிக்கவேண்டும். வராத நேரத்தில் எத்தனை தரம் அளந்தாலும் எல்லாம் நல்லதென்றுதான் அளக்கிற மீற்றர் (மல்ற்றிமீற்றர்) சொல்லும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறக்கப்பட்டது. ஏ9 வீதியிலும் அதிலிருந்து பிரிகிற கிறவல் றோட்டுகளிலும் ஓடுகிற அக்சியோ, அலியன், விற்ஸ் போன்றவற்றில் நிறைய வாகனங்கள் வயதானவை. கோடைப் புழுதியையும் மாரி வெள்ளத்தையும் பல வருடம் கண்டவை. அதனால்தான் இதை விளங்கி வைத்திருப்பது நல்லது.

சென்சர் இருக்கும் இடமும் அதன் வேலையும்

கியர் லீவரிலிருந்து ஒரு கேபிள் கியர் பொக்ஸுக்குப் போகும். அது பொக்ஸின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டைத் திருப்பும். அந்தத் தண்டிலேயே கோர்த்து, இரண்டு சிறிய போல்ட்டால் இறுக்கிய, உள்ளங்கை அளவான கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டிதான் நாம் பேசுகிற சென்சர். நியூற்றல் சுவிச், இன்ஹிபிற்றர் சுவிச், ரேஞ்ச் சென்சர் என்று கடைக்குக் கடை பெயர் மாறும், பொருள் ஒன்றுதான். கூரை விசிறியின் வேகத்தை மாற்றுகிற குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கை சுற்றும், அது போய் நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு செப்புத் தடங்கள் தொடுபடும். தொடுபடுகிற இடத்தில் தேயாமல் இருக்கக் கிறீஸ் பூசியிருக்கும்.

வேலை மூன்று. ஒன்று, ஸ்ராட்டர் மோட்டருக்கு மின்னைத் திறந்துவிடும் சுவிச்சான ஸ்ராட்டர் ரிலேக்குப் பார்க்கிங்கிலும் நியூற்றலிலும் மாத்திரம் வழிவிடுவது. இரண்டு, ரிவர்ஸ் லைற்றை எரியவைப்பது. மூன்று, லீவர் எந்த நிலையில் நிற்கிறதென்று கியர் கம்பியூட்டருக்கும் மீற்றர் போட்டுக்கும் சொல்வது. இங்கே அதிகம் ஓடுகிற ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் தனித்தனித் தடங்களில் ஓடுகின்றன. மூன்றில் எது கெட்டது, எது நன்றாக இருந்தது என்று பார்த்தாலே கோளாறு இருக்கும் இடத்தின் பாதி தெரிந்துவிடும்.

எல்லாச் சென்சரும் ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வயர் என்று இருப்பவை ஒரு வகை. நாலு வயரின் சேர்க்கையால் நிலையைக் குறிப்பவை இன்னொரு வகை. காந்தத்தால் வேலை செய்து, 5 வோல்ற் வாங்கி, நிலைக்கு ஏற்ற வோல்ற்றைத் திருப்பி அனுப்புபவை மூன்றாவது வகை. மூன்றாவது வகையில் ஓம் (மின் தடை) அளக்கக்கூடாது, சோதனை விளக்குப் போடக்கூடாது, வோல்ற் மாத்திரமே பார்க்கலாம். பிறியஸ் போன்ற, லீவருக்கும் பொக்ஸுக்கும் இடையில் கேபிளே இல்லாத வாகனங்கள் இந்தக் கட்டுரைக்கு வெளியே. கீழே சொல்வது முதல் இரண்டு வகைக்கும், முக்கியமாக முதலாவதுக்கும் உரியது.

அறிகுறியை வாசித்தல்

திறப்பைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் சென்சரை விட்டுவிடுங்கள். ரிலே வரை மின் வந்து சேர்ந்துவிட்டது. பற்றரி, எர்த் வயர், ஸ்ராட்டர் மோட்டரைப் பாருங்கள். பற்றரி ஓய்வில் 12.4 வோல்ற்றுக்கு மேலும், ஸ்ராட்டர் சுற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழாமலும் இருக்கவேண்டும். ஒரு சத்தமும் இல்லையென்றால்தான் சென்சரின் பக்கம் வரலாம். பொத்தானை அழுத்தி ஸ்ராட் பண்ணும் வாகனமென்றால் அதற்கு முன் இன்னொன்று: பிறேக்கை மிதிக்கும்போது பின்னால் சிவப்பு லைற் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறேக் சுவிச் விட்டாலும் வாகனம் இதேபோலச் சத்தமில்லாமல் நிற்கும். அதைக் கவனிக்காமல் சென்சர் மாற்றப்பட்ட வாகனங்கள் உண்டு.

பார்க்கிங்கில் ஸ்ராட் ஆகவில்லை, நியூற்றலில் ஆகிறது என்றால் பார்க்கிங் தடம் தேய்ந்திருக்கவேண்டும், இல்லையேல் சென்சர் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் திரும்பியிருக்கவேண்டும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பிறேக்கை அழுத்தி மிதித்தபடி, திறப்பை ஸ்ராட்டில் பிடித்துக்கொண்டு, லீவரை அந்த நிலைக்குள்ளேயே ஒரு பக்கம் மெதுவாக அழுத்துங்கள். எப்போதும் ஒரே பக்கம் அழுத்தும்போதுதான் ஸ்ராட் ஆகிறது என்றால் கேபிளோ சென்சரோ இடம் மாறியிருக்கிறது. அழுத்தும் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாமல், ஆட்டும்போது ஒருதரம் பிடிக்கிறது ஒருதரம் விடுகிறது என்றால் தடத்தில் அழுக்கோ தேய்வோ இருக்கிறது.

ஸ்ராட் ஆகிறது, ஆனால் ரிவர்ஸ் லைற் மட்டும் சிலவேளை எரியவில்லை என்றால் பல்பும் பியூஸும் நல்லதென்று உறுதிசெய்த பிறகு ரிவர்ஸ் தடம். மீற்றர் போட்டில் எல்லா எழுத்துகளும் ஒரேயடியாக அணைந்தால், எல்லாத் தடங்களும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது என்பதை நினைவில் வையுங்கள்: எல்லாவற்றுக்கும் பொதுவாக மின் கொண்டுவருகிற ஒரு வயர், அதன் பியூஸ், அல்லது சொக்கட் அது. ஒரே நேரத்தில் இரண்டு எழுத்து எரிந்தால் சென்சர் இரண்டு நிலைக்கு நடுவில் நிற்கிறது, அல்லது உள்ளே தண்ணீர் போய்த் தடங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டது. ஒரு சமிக்ஞையும் இல்லாமல் போனாலும், இரண்டு ஒன்றாக வந்தாலும் கம்பியூட்டர் குழம்பும். பிழை எண்ணைப் பதிந்துவிட்டு, பாதுகாப்புக்காக மேல் கியரை நிறுத்திவைக்கலாம்.

கோளாறு எப்போது வருகிறது என்பதும் சாட்சிதான். ஏ9 வீதியில் ஒரு மணித்தியாலம் வேகமாக வந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்பாட்டி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிவிட்டு வந்து ஏறும்போது மட்டும் ஸ்ராட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிற்பாட்டியதும் காற்றோட்டமும் நின்றுவிடும். அடுத்த 10, 15 நிமிடத்துக்குப் பொனற்றுக்குள் சூடு குறையாமல் ஏறும். அந்தச் சூட்டில் பிளாஸ்ரிக் விரிந்து, தொட்டும் தொடாமலும் இருக்கிற தடம் விலகும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் தானாகச் சரியாகும். கிறவல் றோட்டின் குழிகளில் மட்டும் எழுத்து அணைகிறதா, வயரும் சொக்கட்டும். மழைக்கு மறுநாள் மட்டுமா, தண்ணீர். லீவரைப் போடும் அந்தக் கணத்தில் மட்டுமா, கேபிள். வாகனத்துக்குள் ஒரு கொப்பி வைத்து நேரம், சூடு, றோட்டு, லீவர் நின்ற நிலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். கராச்சில் திருத்துகிற பாஸுக்கு அதைவிட உதவுகிற பொருள் இல்லை.

பிழை எண்கள்

கம்பியூட்டரில் பிழை பதிந்திருக்கலாம் என்றால் ஸ்கானர் போடுவதற்கு முன் பற்றரி வயரைக் கழற்றாதீர்கள். கழற்றிப் பூட்டினால் சரியாகும் என்ற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது; அது செய்வது சாட்சியை அழிப்பதுதான். பி0705 என்றால் இந்தச் சென்சரின் மின்சுற்றில் பிழை. பி0706 என்றால் சென்சர் சொல்வதும் வாகனம் நடந்துகொள்வதும் பொருந்தவில்லை. இடம் மாறிய சென்சரில் இதைக் காணலாம். பி0707 சமிக்ஞை தாழ்வு, பி0708 உயர்வு, பி0709 விட்டு விட்டு வருவது. இந்த எண்கள் எந்தச் சுற்றைப் பார்க்கவேண்டும் என்றுதான் சொல்கின்றன. சென்சரை மாற்று என்று எந்த எண்ணும் சொல்வதில்லை.

ஸ்கானரில் நேரடித் தரவைப் பார்க்கும்போது எல்லா வரிகளையும் திறந்து வைக்கவேண்டாம். ஸ்கானர் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு வாங்குகிறது. ஐம்பது வரி திறந்திருந்தால் ஒரு வரிக்கு மறுபடி முறை வருவதற்குள் கோளாறு வந்து போய்விடும். லீவர் நிலை, நியூற்றல் சுவிச், வேகம் என்று மூன்று நாலு மட்டும் தெரிவுசெய்து, வரைபடமாகப் பதிவு பண்ணுங்கள். மலிவான புளூடூத் ஸ்கானர்கள் எஞ்சின் பிழைகளை மட்டும் வாசித்து, லீவர் நிலையைக் காட்டாமல் விடலாம். தயாரிப்பாளரின் முறையில் வாசிக்கிற ஸ்கானர் உள்ள கராச்சை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தேடிப் போவது வீண்செலவல்ல.

அளந்து பிடித்தல்

முதலில் பாதுகாப்பு. இடம் மாறிய சென்சர் உள்ள வாகனம் ட்றைவிலும் ஸ்ராட் ஆகக்கூடும். கை பிறேக்கை இழுத்து, முன் பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்னால் ஒருவரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஓம் அளப்பதில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சொக்கட்டைக் கழற்றி, லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து, உரிய இரண்டு பின்களுக்கு இடையே அளந்தால் 1 ஓமுக்குக் கீழ் இருக்கவேண்டும். மற்ற நிலைகளில் தொடர்பே இருக்கக்கூடாது. இது முழுதாகச் செத்த சென்சரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மீற்றர் ஓம் அளக்கும்போது அனுப்புகிற மின் மிகமிகச் சிறியது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஓர் இழை மிச்சமிருக்கிற வயரும் அந்தச் சோதனையில் தேறிவிடும். வேலை நேரத்தில் அந்த ஓர் இழை மின்னைத் தாங்காமல் போகலாம்.

ஆகவே மின் ஓடும்போது வோல்ற் இழப்பை அளக்கவேண்டும். ஸ்ராட்டர் மோட்டருக்கு ரிலேயிலிருந்து வருகிற மெல்லிய வயரைக் கழற்றி, அதன் முனையை இன்சுலேசன் ரேப்பால் நன்றாகச் சுற்றிவிடுங்கள். இனி ரிலே இழுக்கும், எஞ்சின் சுற்றாது. சென்சரின் சொக்கட் செருகியபடியே இருக்க, அதன் பின்பக்கத்தால் மெல்லிய ஊசி முனைகளை உள்ளே விட்டு ஸ்ராட் தடத்தின் இரண்டு பக்கத்தையும் தொடுங்கள். எந்த நிற வயர் என்பதை அந்த வாகனத்தின் வயறிங் படத்தில் பார்த்துத்தான் தொடவேண்டும், ஊகிக்கக்கூடாது. மீற்றரை 20 வோல்ற் டீசியில் வையுங்கள். ஒருவர் திறப்பை ஸ்ராட்டில் பிடித்திருக்கும்போது 0.2 வோல்ற்றுக்குக் கீழ் காட்டினால் தடம் நல்லது. 0.5, 1 என்று ஏறினால் தடம் தேய்ந்திருக்கிறது. பற்றரியின் முழு வோல்ற்றும் வந்தால் அந்தக் கணத்தில் தடம் திறந்து கிடக்கிறது. லீவரை மெதுவாக அழுத்திப் பாருங்கள், பிறகு வயர்க்கட்டை ஒவ்வொரு சாணாக வளைத்துப் பாருங்கள். மீற்றரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்தும் வோல்ற்றே வரவில்லை என்றால் கோளாறு சென்சருக்கு முன்னால், மின் கொண்டுவருகிற வயரில் இருக்கிறது. மீற்றரில் மிகக் கூடியது, குறைந்தது ஆகியவற்றைப் பதிகிற வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு வயரை ஆட்டுங்கள். கண்ணுக்குத் தப்பினாலும் மீற்றர் பிடித்து வைத்திருக்கும்.

கோளாறு வராவிட்டால் வரவழைக்கலாம். முடி உலர்த்தியால் சென்சரைச் சூடாக்கிப் பாருங்கள். தெளிக்கிற போத்தலில் தண்ணீர் எடுத்துச் சொக்கட்டின் மேல் தூவிப் பாருங்கள். ஓட்டத்தில் மட்டும் வருகிறது என்றால், ட்றைவ் நிலையில் 12 வோல்ற் வருகிற வயரில் 1 கிலோ ஓம் தடை சேர்த்த ஓர் எல்ஈடியைத் தொடுத்து, வயரை நீட்டி, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். ட்றைவ் எழுத்து அணையும்போது எல்ஈடியும் அணைந்தால் கோளாறு சென்சரிலோ அதற்கு முன்னாலோ. எழுத்து அணைந்தும் எல்ஈடி எரிந்துகொண்டே இருந்தால் அதற்குப் பின்னால், கம்பியூட்டரை நோக்கிப் போகிற வயரிலோ மீற்றர் போட்டிலோ. ஊசியால் வயரின் தோலைக் குத்திப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். அந்தத் துளையால் ஈரம் போய், சில மாதத்தில் உள்ளே செம்பு பச்சையாகிப் புதிய கோளாறாக வரும்.

இங்கே எதனால் கெடுகிறது

கேபிளின் முனையில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் புஸ் இருக்கிறது. அது தேய்ந்து ஆட்டம் வந்தால் லீவர் முழுதாகப் போனாலும் பொக்ஸின் தண்டு முழுதாகத் திரும்பாது. எஞ்சின் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் அதே கதை: குழியில் எஞ்சின் எகிறும்போது கேபிள் இழுபடும். சென்சருக்குக் கைவைக்க முன் இரண்டையும் கையால் ஆட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மாரியில் வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும்போது கடக்கிற வாகனத்தின் அடிவயிறு, நந்திக்கடலின் உவர்நீரில் நனைகிறது. நல்ல தண்ணீர் காய்ந்து போகும். உப்பு பின்னில் தங்கிப் பச்சை பிடிக்கும். சேர்விஸ் ஸ்ரேசனில் அமுக்கத் தண்ணீரை நேராகச் சொக்கட்டில் அடிப்பதும் இதேயளவு கெடுதல். சேர்விஸ் செய்து இரண்டு மூன்று நாளில் கோளாறு தொடங்கினால் அங்கேதான் தேடவேண்டும். பச்சை பிடித்த பின்னைக் கொன்ராக்ற் கிளீனரால் கழுவி, காயவிட்டு, மற்றப் பின் நுழைகிற, விரிந்துபோன பெண் பின்னை மெதுவாக நெருக்கி, றபர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் வேண்டாம், றபர் ஊதிவிடும். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குள் வாகனத்தை விடுபவர்கள் வயர்க்கட்டில் எலிப் பல் பட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தண்டின் சீல் கசிந்து கியர் ஒயில் சென்சருக்குள் போயிருந்தால், சீலை மாற்றாமல் சென்சரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வயரை நேராகச் சேர்த்துவிடும் 'வைத்தியம்'

ஸ்ராட் தடத்தின் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் வாகனம் எப்போதும் ஸ்ராட் ஆகும். எங்கேயாவது ஒதுக்குப்புறத்தில் நின்றுவிட்டால் அவசரத்துக்கு இதைச் செய்துவிட்டு, பிறகு அப்படியே விடுகிற வழக்கம் இருக்கிறது. அதன் பிறகு அந்த வாகனம் ட்றைவிலும் ரிவர்ஸிலும் ஸ்ராட் ஆகும். முற்றத்தில் பிள்ளைகள் நிற்கும்போது, லீவர் எங்கே நிற்கிறதென்று பாராமல் யாரோ ஒருவர் திறப்பைத் திருப்பினால் போதும். இதை எவர் சொன்னாலும் செய்யவிடாதீர்கள். வழியில் நின்றுவிட்டால், பிறேக்கை மிதித்தபடி நியூற்றலில் முயலுங்கள்; அதற்கும் சரிவராவிட்டால் லீவரைப் பார்க்கிங்கிலிருந்து கடைசி நிலை வரை பத்துத் தரம் கொண்டுபோய் வாருங்கள், தடத்தின் அழுக்கு விலகும். வீடு சேர அது போதும்.

பொருத்துதல்

சென்சர்தான் கெட்டதென்று அளந்து உறுதியானால் மாற்றலாம். பழைய சாமான் கடையில் எடுப்பதென்றால் கையால் தண்டுத் துளையைத் திருப்பிப் பாருங்கள்: சொரசொரப்பில்லாமல் ஒரே சீராகத் திரும்பவேண்டும், ஒயில் கசிவு இருக்கக்கூடாது, பின்கள் மினுங்கவேண்டும். சொக்கட் ஒன்றாக இருந்தால் போதாது, பாக இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பூட்டும்போது பிழைவிடுகிற இடம் நியூற்றல். கேபிளைக் கழற்றிவிட்டு, பொக்ஸின் தண்டைப் பார்க்கிங் பக்கம் முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து இரண்டு சொடுக்குத் திரும்பி வந்தால் நியூற்றல். சென்சரின் உடலில் ஒரு கோடும், தண்டோடு திரும்பும் பகுதியில் ஒரு வெட்டும் இருக்கும். இரண்டும் நேராக வந்தபின் போல்ட்டை இறுக்குங்கள். நிசான் பொக்ஸ்கள் சிலவற்றில் கோட்டுக்குப் பதிலாகத் துளை இருக்கும், அதற்குள் 4 மில்லிமீற்றர் பின் ஒன்றைச் செருகி நேராக்கவேண்டும். போல்ட் சிறியது, பிளாஸ்ரிக்கைப் பிடித்திருக்கிறது. ரொயோட்டாவின் சிறிய பொக்ஸ்கள் பலவற்றுக்கு 5 நியூற்றன் மீற்றரை ஒட்டிய இறுக்கம்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஸ்பனரின் நுனியை இரண்டு விரலால் இழுக்கிற பலம். அதற்கு மேல் இறுக்கினால் உடல் வெடிக்கும். பிறகு லீவரையும் நியூற்றலில் வைத்துக் கேபிளை இழுவை இல்லாமல் பூட்டுங்கள்.

ஸ்ராட்டர் வயரைத் திருப்பிப் போட்டு, பிழை எண்ணை அழித்து, சில்லுக்குக் கட்டை இருக்கும்போதே ஒவ்வொரு நிலையிலும் திறப்பைத் திருப்பிப் பாருங்கள். பார்க்கிங்கிலும் நியூற்றலிலும் உடனே சுற்றவேண்டும். ரிவர்ஸ், ட்றைவ், அதற்குக் கீழுள்ள நிலைகள் எதிலும் சுற்றக்கூடாது. ரிவர்ஸ் லைற் ரிவர்ஸில் மாத்திரம் எரியவேண்டும். அதன்பின் நல்ல சூடு ஏறும்வரை ஓடி, கொஞ்சத் தூரம் கிறவலிலும் விட்டு, நிற்பாட்டிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்ராட் பண்ணுங்கள். ஸ்கானரில் எண் திரும்பி வந்திருந்தால், இந்தமுறை கம்பியூட்டரின் பக்கமிருந்து, அதன் சொக்கட்டிலும் எர்த் வயரிலும் தொடங்கி, சென்சரை நோக்கி அளந்து வாருங்கள்.